நான் போகாத சமோவா

1

போன வாரம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே ஓர் உணவகத்தின் மாடியில் மாதம் ஒருமுறை கூடி, வடை தீரும்வரை தமிழ் வளர்க்கும் அன்பர்கள் சிலர் இருக்கிறோம். தலைவர்தான், பேச்சுக்கு நடுவே 'லா' போடும் மலேசியத் தமிழில் பேசினார்.

"அண்ணே, அடுத்த மாசக் கூட்டத்துல உங்க பசிபிக் பயணந்தான். நீங்களும் அண்ணியும் சேர்ந்து பேசுறீங்க. போஸ்டருக்கு ஒரு படம் அனுப்புங்க லா. ஜோடியா, சமோவா கடல் பின்னால தெரியிற மாதிரி."

"தேடிப் பாக்கறேன்" என்றேன்.

தேடுவதற்கு ஒன்றுமில்லை. சமோவாவில் எடுத்த படங்கள் முந்நூறுக்கு மேல் வீட்டில் இருக்கின்றன. பாதிப் படங்களில் என் மனைவி தேவகி நிற்கிறாள். நான் ஒன்றில்கூட இல்லை. கேமராவுக்குப் பின்னால் நின்றிருப்பேன் என்று நீங்கள் பெருந்தன்மையாக நினைக்கக்கூடும். அங்கேயும் இல்லை. எங்களுடைய முப்பதாவது திருமண நாளைக் கொண்டாட நாங்கள் போன பயணத்தில், அந்தத் திருமண நாளன்று அவள் ஒரு நாட்டிலும் நான் வேறொரு நாட்டிலும் இருந்தோம்.

பிரிக்பீல்ட்ஸ் மேடையில் இதைச் சொல்ல முடியாது. ஊரில் இருக்கும் உங்களிடம் சொல்லலாம்.

2

எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். கட்டட வரைபடம் போடும் வேலைக்காக மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவுக்கு வந்து முப்பத்து மூன்று வருடங்கள் ஆகின்றன. இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன். அப்படிச் சொல்லாமல் யாரும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. வந்த மூன்றாம் வருடம் பக்கத்து ஊரான கிள்ளானில் பிறந்து வளர்ந்த தேவகியைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே குடியேறினேன். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கிராணி. அலுவலக எழுத்தருக்கு இங்கே அதுதான் பெயர். எந்தப் பாரத்தை எந்த நிறப் பேனாவில் நிரப்ப வேண்டும், எந்த அதிகாரியை எந்தக் கிழமை பார்க்கக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவள் மலேசியக் குடிமகள். நான் சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசி, இந்தியக் குடிமகன். குடியுரிமைக்கு விண்ணப்பம் போடலாம் என்று தேவகி பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாரத்தை வாங்கிவந்து, பென்சிலில் நிரப்பியும் வைத்தாள். நான் கையெழுத்துப் போடவில்லை.

"நான் இந்தியன்டி. அத எப்படி விட முடியும்?"

"சரி, விடாதீங்க" என்று அவள் அடுக்களைக்குப் போய்விடுவாள்.

இந்த இந்தியன் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திண்டுக்கல் போவான். இறங்கிய மறுநாளே வெயிலைத் திட்டுவான். மூன்றாம் நாள் வயிறு கெட்டு, "எங்க ஊர்ல தண்ணி இப்படி இருக்காது" என்று கிள்ளானை எங்கள் ஊராக்குவான். கிள்ளானுக்குத் திரும்பியதும், "எங்க ஊர்ல பிரியாணின்னா அது வேற" என்று திண்டுக்கல்லை எங்கள் ஊராக்குவான். தேவகிக்குக் கல்யாணமான நாளிலிருந்து வெளிநாட்டுப் பயணம் என்றால் அதுவும் திண்டுக்கல்தான். என் உறவினர் வீடுகளில் வரிசையாக உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வருவது.

போன வருடம் அவள் ஓய்வு பெற்றாள். எங்கள் ஒரே மகள் நித்யா நியூசிலாந்தில் ஆக்லாந்தில் கால்நடை மருத்துவர். அங்கே நாய்களுக்குப் பல் சுத்தம் செய்கிறாள். அவள்தான் திட்டம் போட்டாள். முதலில் ஆக்லாந்து, பிறகு பிஜி, சமோவா, டோங்கா, மறுபடி ஆக்லாந்து. தேவகி ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி ஒவ்வொரு நாட்டுக்கும் பக்கம் ஒதுக்கினாள். திண்டுக்கல்லுக்கு அவள் நோட்டு வாங்கியதில்லை.

3

நியூசிலாந்து விசாவுக்கு தேவகி கைப்பேசியில் விண்ணப்பித்தாள். சோறு வேகும் நேரத்தில் முடிந்துவிட்டது. நான் என் சம்பளச் சீட்டுகள், வங்கி அறிக்கை, வீட்டுப் பத்திரம், திருமணச் சான்றிதழ் ஆகியவற்றோடு, நான் ஏன் திரும்பி வந்துவிடுவேன் என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். அறுபத்தோரு வயதில் முட்டி வலியோடு நான் ஆக்லாந்தில் ஒளிந்து வாழ்ந்து என்ன செய்யப்போகிறேன் என்று கேட்க அந்தப் பாரத்தில் இடமில்லை.

அப்போதே தேவகி சொன்னாள். "பாஸ்போர்ட் முடியப் போகுது. புதுசு எடுத்துடுங்க. தீவுலாம் ஆறு மாசம் பாக்கி இருக்கணும்னு கேப்பாங்க."

"ஆறு மாசத்துக்கு மேல இருக்குல்ல?"

"கணக்குப் போட்டுப் பாத்தீங்களா?"

"நான் இன்ஜினியரிங் லைன். எனக்கே கணக்கு சொல்றியா?"

நித்யாவும் வாட்ஸ்அப்பில் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பொம்மையை அனுப்பினேன்.

ஆக்லாந்தில் பத்து நாள் நன்றாகவே போயின. பிஜியில் நாடி விமான நிலையத்தில் இறங்கியபோது என் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதமும் மூன்று நாளும் ஆயுள் இருந்தது. குடிநுழைவு அதிகாரி விரல்விட்டு எண்ணினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். முத்திரை குத்தினார். நான் தேவகியைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன்.

ஒரு வாரம் கழித்து அதே விமான நிலையத்தில், சமோவா விமானத்துக்கான வரிசையில் நின்றோம். முகப்பில் இருந்த பெண் தேவகியின் பாஸ்போர்ட்டைத் தட்டிப் பார்த்து இருக்கை எண்ணைக் கொடுத்துவிட்டாள். என்னுடையதைக் கையில் எடுத்தவள் கீழே வைக்கவில்லை.

"நான்கு நாள் குறைகிறது, சார். சமோவா ஆறு மாதம் கேட்கிறது."

"நாலே நாள்தானே?" என்றேன்.

"ஆமாம் சார். நாலு நாள்."

மேலாளரை வரவழைத்தேன். அவரும் எண்ணினார். கணக்கு மாறவில்லை. நான் அவரிடம் இந்தியா என்ற தேசத்தின் பழமையைப் பற்றி ஏதோ பேசியதாக நினைவு. பின்னால் நின்ற ஆஸ்திரேலியக் குடும்பம் வரிசையை மாற்றிக்கொண்டது.

கடைசியில் நான் பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பினேன். "வா தேவகி. எல்லாத்தையும் கேன்சல் பண்ணிட்டு ஆக்லாந்துக்கே போயிடலாம்."

தேவகி நகரவில்லை. அவளுடைய இருக்கைச் சீட்டைப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நீங்க இருங்க" என்றாள். "நான் போயிட்டு வரேன்."

"எங்க?"

"சமோவாவுக்கு லா. வேற எங்க?"

"தனியாவா?"

"பிளேன்ல நெறைய ஆளு இருக்காங்க."

பெட்டாலிங் ஜெயாவுக்குக்கூட நான் கூட வராமல் போனவளில்லை. நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் அவள் தினமும் தனியாகத்தான் பஸ் பிடித்து வேலைக்குப் போய்வந்தாள் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

"உன்னால முடியாதும்மா. அங்க என்ன பாஷை, என்ன சாப்பாடு..."

"என்னங்க, நான் சண்ட போடல. ஒரு வருஷமா இதத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். நாலு நாளுக்காக விட முடியாது." பெட்டியைத் திறந்து என் வேட்டி, சட்டை, மருந்து டப்பா, லுங்கி எல்லாவற்றையும் எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தாள். "காலையில பிரஷர் மாத்திரைய மறந்துடாதீங்க. நித்யாகிட்ட சொல்ல வேணாம். பயந்துடுவா."

பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் கண்ணாடிக் கதவுவரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் தாண்டிய பிறகு ஒருமுறை திரும்பிக் கை ஆட்டினாள். நான் பிளாஸ்டிக் பையோடு நின்றுகொண்டிருந்தேன்.

4

நாடியில் எங்களை ஒரு வாரமாக ஏற்றி இறக்கிய டாக்ஸிக்காரர் ராஜேஷ் கவுண்டர். முதல் நாள் காரின் முன் கண்ணாடியில் அந்தப் பெயரைப் பார்த்ததும் நான் தாவி எழுந்து தமிழில் நலம் விசாரித்தேன். அவர் இந்தியில் பதில் சொன்னார். அவருடைய கொள்ளுத் தாத்தா சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். நான்கு தலைமுறையில் தமிழ் போய் இந்தி வந்துவிட்டது. கவுண்டர் மட்டும் போகவில்லை.

கல்லூரி நாளில் ரயில் நிலையப் பெயர்ப் பலகையில் தார் பூசப் போன கூட்டத்தில் நானும் நின்றேன். வாளியைத் தூக்கியவன் இல்லை, வாளிக்குப் பக்கத்தில் நின்றவன். ஆனாலும் கொள்கை கொள்கைதான். அதனால் எனக்கும் கவுண்டருக்கும் நடுவில், தொலைக்காட்சித் தொடர்கள் பார்த்து இந்தி கற்றுக்கொண்ட தேவகி உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். ஒரு தமிழன் இன்னொரு தமிழனிடம் பேச இந்தி வேண்டியிருந்தது. அவள் போன பிறகு அதுவும் இல்லை. ஆங்கிலத்தில் சமாளித்தோம்.

மறுநாள் காலை அவர் விடுதி வாசலில் வந்து நின்றார். "அங்கிள், ஆன்டி எங்கே?"

"சமோவா."

"நீங்க?"

நான் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். அவர் தேதியைப் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, தலைநகர் சுவாவில் இந்தியத் தூதரகம் இருக்கிறது, போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்றார். கிளம்பினோம்.

நான்கு மணி நேரப் பயணம். வழியெல்லாம் நான் அவருக்குத் தமிழின் தொன்மையை விளக்கினேன். மொழியைத் தொலைத்த சமூகம் வேரற்ற மரம் என்று பிரிக்பீல்ட்ஸில் பலமுறை கைதட்டல் வாங்கிய வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நாடி முருகன் கோயிலில் பாட்டுப் பாடுகிறவர். தமிழ்ப் பாட்டுகளை ஆங்கில எழுத்தில் எழுதிய நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்து, ஒரு சொல்லைக் காட்டினார்.

"இருபது வருஷமா பாடறேன். 'வினை'ன்னா என்ன அங்கிள்?"

கால் மணி நேரம் விளக்கினேன். முன்வினை, பின்வினை, அவற்றின் பயன்.

"அதாவது, செஞ்சது திரும்பி வரும்" என்றார்.

"கிட்டத்தட்ட."

"பாஸ்போர்ட் மாதிரி" என்றார்.

தூதரகத்தில் என்னைக் கண்ணியமாகவே நடத்தினார்கள். உட்காரச் சொல்லி டீயும் கொடுத்தார்கள். வசிக்கும் நாட்டில்தான் புதுப்பிக்க வேண்டும், இங்கிருந்து செய்தால் வாரக் கணக்கில் ஆகும் என்றார் அதிகாரி. இருந்தாலும் முயல விரும்பினால் பாரத்தை நிரப்பலாம் என்று கொடுத்தார்.

பெயர் எழுதினேன். பிறந்த ஊர் எழுதினேன். அடுத்த கட்டம், இந்தியாவில் நிரந்தர முகவரி.

திண்டுக்கல் வீட்டை அண்ணன் விற்று பதினொரு வருடங்கள் ஆகின்றன. அந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை இருக்கிறது. அண்ணன் கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். அக்கா இப்போது உயிரோடு இல்லை. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முந்தைய தடவை என்ன எழுதினேன் என்று யோசித்தேன். பழைய வீட்டு எண்ணைத்தான் எழுதியிருக்கிறேன். அப்போது தயக்கமே வரவில்லை. பக்கத்தில் தேவகி இருந்து, "இந்த வீட்டத்தான் வித்தாச்சே" என்றாள். "எழுதறதுக்கு என்ன?" என்று எழுதிவிட்டேன்.

"ஏதாவது சந்தேகமா சார்?" என்றார் அதிகாரி.

"இந்தியாவுல எனக்கு வீடு இல்லீங்க" என்றேன். முப்பத்து மூன்று வருடத்தில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. சொல்வதற்கு முன்னால் ஆங்கிலத்துக்கு மாறக்கூட மறந்துவிட்டேன். அவர் புரியாமல் புன்னகைத்தார். பாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கவுண்டர் என் முகத்தைப் பார்த்தார். கிண்டல் செய்யவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு கடையில் நிறுத்தினார். நாங்கள் இருவரும் ரொட்டியும் கிழங்குக் கறியும் சாப்பிட்டோம்.

5

சமோவாவில் தேவகி ஆறு நாள் இருந்தாள். அந்த ஆறு நாளும் நான் நாடி விடுதி அறையில் இருந்தபடி சமோவாவில் இருந்தேன். மகளுக்குத் தெரியக்கூடாது அல்லவா. நித்யா வீடியோவில் அழைப்பாள். நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு எடுப்பேன்.

"அப்பா, சமோவா எப்படி? பீச் காட்டுங்க."

"மழைம்மா."

"அம்மா எங்க?"

"குளிக்கிறா."

அடுத்த நாளும் மழை, அம்மா குளித்தாள். மூன்றாம் நாள் நித்யா கேட்டாள், "வை இஸ் ஷீ ஆல்வேஸ் குளிச்சிங்?" எங்கள் வீட்டுத் தமிழ் இந்த நிலையில் இருக்கிறது. அன்றைக்குத்தான் திருமண நாள். நான் காலையிலிருந்து தேவகியை அழைத்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. மத்தியானம் வாழ்த்தை எழுத்தில் அனுப்பினேன். பதில் இல்லை. சாயங்காலம் எனக்குக் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. கவுண்டரை அழைத்து, சமோவாவில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். "அங்கிள், அது வேற நாடு" என்றார்.

இருட்டும் நேரத்தில் தேவகி அழைத்தாள். தலைமுடி ஈரமாக இருந்தது.

"எங்க போயிட்ட?"

"குளிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

உண்மையாகவே. அங்கே கடலோரத்தில் தரை உள்வாங்கிப் பெரிய கிணறுபோல ஒரு பள்ளம் இருக்கிறது. அடியில் பச்சைக் கடல்நீர். செங்குத்தான மர ஏணியில் இறங்க வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில், வீட்டில் விளக்கு மாற்ற நாற்காலி மேல் ஏறினால் தலை சுற்றுகிறது என்று என்னைக் கூப்பிடுகிற தேவகி, அதில் இறங்கிக் குளித்துவிட்டு ஏறி வந்திருக்கிறாள்.

"வழுக்கி விழுந்திருந்தா?"

"விழல தானே."

"பயமா இல்லையா?"

கொஞ்சம் யோசித்தாள். "இருந்துச்சு. பாதி ஏணியில காலு நடுங்குச்சு. கீழ ஒரு சமோவாக்கார அக்கா, 'மெதுவா, மெதுவா'ன்னு அவங்க பாஷையில சொன்னாங்க. அப்படித்தான் சொல்லியிருப்பாங்க. எனக்கா தெரியும்?" பிறகு சொன்னாள். "நீங்க இருந்திருந்தா நான் எறங்கியிருக்க மாட்டேங்க."

"நான் வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன்."

"சொல்லியிருப்பீங்க. நானும் சரின்னு மேல உக்காந்து வாழைக்கா சிப்ஸ் சாப்ட்டிருப்பேன்."

 திருமண நாள் வாழ்த்து சொன்னேன். அவளும் சொன்னாள். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

ஏழாம் நாள் அவள் நாடிக்கு வந்து இறங்கினாள். முகமும் கையும் கறுத்திருந்தன. காதில் ஒரு பூ. மறுநாள் டோங்காவுக்கு விமானம். அங்கேயும் எனக்கு அதே ஆறு மாதம்தான். இந்தத் தடவை யாரும் விவாதிக்கவில்லை. நான் அவள் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டேன். அவள் சமோவா பக்கத்தை எழுதி முடித்து டோங்கா பக்கத்தைத் திறந்தாள். விமான நிலையத்தில் கவுண்டர் அவளுடைய பெட்டியைத் தூக்கினார். அவரும் தேவகியும் இந்தியில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்னவென்று நான் கேட்கவில்லை. யாரும் மொழிபெயர்க்கவும் இல்லை.

டோங்காவில் திமிங்கிலம் பார்த்தாளாம். தாயும் குட்டியும் படகுக்குப் பக்கத்தில் வந்து மூச்சுவிட்டனவாம். அதைப் பற்றி அவள் பேசினால் கை இரண்டையும் விரிக்கிறாள். அதற்குமேல் சொல் கிடைக்காமல் நிறுத்திவிடுகிறாள்.

கிள்ளானுக்குத் திரும்பிய முதல் வாரமே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். தேவகி பென்சிலில் நிரப்பிய அந்தப் பழைய குடியுரிமைப் பாரமும் அலமாரியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். பாரத்தின் வடிவமே மாறிவிட்டதாம். புதிது வாங்கி வர வேண்டுமாம். வாங்கி வருகிறேன் என்றேன். "எப்ப வேணா வாங்குங்க" என்றாள். அவசரம் அவளுக்கு இல்லை. அடுத்து வனுவாட்டு என்று ஒரு தீவுக் கூட்டத்தைப் பார்த்துவைத்திருக்கிறாள்.

6

கிள்ளானுக்கு வருமுன் ஆக்லாந்தில் ஒரு சாப்பாட்டு மேசையில் நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

டோங்காவிலிருந்து தேவகி நாடிக்குத் திரும்பியதும் இருவரும் சேர்ந்து மகள் வீட்டுக்குப் போனோம். நித்யா மீன் குழம்பு வைத்திருந்தாள். அம்மாவின் கைப்பேசியை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஏணிப் படத்தில் நிறுத்தினாள். உச்சியிலிருந்து யாரோ எடுத்தது. பாதி ஏணியில் தேவகி அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாவ் அம்மா! அப்பா, யூ வென்ட் டவுன் டூ?"

நான் சோற்றைப் பிசைந்தேன். பத்துப் பதினைந்து நாள் பொய்யும் அந்த மேசையிலேயே முடிந்துவிடும் என்று தோன்றியது. சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தேன்.

தேவகி முந்திக்கொண்டாள். "உங்கப்பாவா? அவரு மேலயே நின்னுட்டாரு லா. என் பைய புடிச்சிக்கிட்டு. 'வேணாம் தேவகி, வேணாம் தேவகி'ன்னு ஒரே கத்தல். அங்க இருந்த வெள்ளைக்காரங்கலாம் பயந்துட்டாங்க."

நித்யா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "ஐ கேன் ஸீ இட்! தட்ஸ் ஸோ அப்பா!"

என் மானத்தைக் காப்பாற்றத்தான் தேவகி சொன்னாள். அதற்கு அவள் அதிகம் யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. நான் போகவே போகாத நாட்டில் நான் என்ன செய்திருப்பேன் என்று அம்மாவுக்கும் மகளுக்கும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தது. எனக்கே அந்தப் பையின் கனம் கையில் இருப்பதுபோல் பட்டது.

"ஏணி ஈரமா இருந்துச்சும்மா" என்றேன்.

தேவகி என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

இதை இப்படி அச்சில் எழுதுகிறாயே, மகள் படித்துவிட்டால் என்று நீங்கள் கேட்கலாம். கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டே பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு தமிழ்ப் பள்ளி இருந்தது. தேவகி வேலை பார்த்தது அங்கேதான். நித்யாவுக்கு ஏழு வயதானபோது, "எங்கூடவே வரட்டும், அங்கயே சேத்துடுவோம்" என்றாள். அங்கே சேர்த்தால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று சொல்லி, நான்தான் தூரத்துப் பள்ளி ஒன்றில் இடம் பிடித்தேன். அந்த வாரமே பிரிக்பீல்ட்ஸில் தாய்மொழிக் கல்வி பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன்.

நித்யா தமிழ் பேசுவாள், ஒரு மாதிரியாக. படிக்க வராது. நான் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம்.